தோட்டாவும் தர்மமும்

கொல்வது என்று தீர்மானித்த பிறகு, எதைக் கொண்டு கொல்வது என்று யோசிப்பதில் தர்மம் ஏதேனும் இருக்கிறதா? இந்தக் கேள்வியை நண்பர்கள் சிலரிடம் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் சிரித்தார்கள். "வெட்டப்படும் ஆட்டுக்கு எந்தக் கத்தியாக இருந்தால் என்ன?" என்றார் ஒருவர். "கொலை பாவம். பாவத்தை எடுத்து வைத்துக்கொண்டு இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிப்பது மண்டிக் கடை வேலை" என்றார் இன்னொருவர். அவர் முட்டைகூடத் தொடாத சுத்த சைவர்.

இரண்டு பதில்களும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிவதைக் கவனியுங்கள். கொல்லத் துணிந்தவனும் 'எப்படியானால் என்ன?' என்கிறான். கொல்லவே கூடாது என்பவரும் 'எப்படியானால் என்ன?' என்கிறார். நடுவில் நிற்கும் பிராணிக்கு மட்டும் விஷயம் அப்படி இல்லை. ஒரு நொடியில் விழுந்து போவதும், தாடை உடைந்து நாள் கணக்கில் தண்ணீர் குடிக்க முடியாமல் அலைவதும் அதற்கு ஒன்றல்ல.

பழைய வேட்டைக்காரர்கள் எழுதிய புத்தகங்களைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. புலியையும் யானையையும் பற்றி இருக்கும் என்று பிரித்தால், பக்கம் பக்கமாகத் தோட்டாக்களைப் பற்றி இருக்கும். சங்கீத சபை வாசலில் ரசிகர்கள் இரண்டு வித்வான்களுக்காகக் கட்சி கட்டிச் சண்டை போடுவது போல, எந்தத் துப்பாக்கி உயர்ந்தது, எந்தக் குண்டு சிறந்தது என்று ஆயுள் முழுவதும் வாதாடியிருக்கிறார்கள். முதலில் இது ஒரு பித்து என்றுதான் எனக்குத் தோன்றியது. படிக்கப் படிக்க, பித்துக்கு அடியில் ஒரு கவலை இருப்பது தெரிந்தது. அந்தக் கவலையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். தேனியை ஒட்டிய ஊர் இது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தைக் கணக்குச் சொல்லும்போது, லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் என்பார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஊர் கடைசிப் பெயர். நெல்லுக்கும் ரைபிளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் வரப்பில் நின்று தலையை நிமிர்த்தினால் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மலை தெரிகிறது. மேகமலைக் காட்டில் யானை இருக்கிறது, காட்டுமாடு இருக்கிறது, மிளா, சிறுத்தை, புலி எல்லாம் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டு அந்த மலையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. மிருகமும் மனிதனும் ஒருவர் எல்லையில் ஒருவர் கால் வைக்கும் ஊர்களில், 'எதைக் கொண்டு?' என்ற கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல.

முதலில் சில விவரங்கள். தோட்டா என்பது முழுச் சாமான்: பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, அடியில் கேப்பு, வாயில் செருகிய குண்டு. குழலின் அகலத்தை வைத்து வேட்டை ரைபிள்களைச் சிறு குழல், நடுத்தரக் குழல், பெருங்குழல் என்று பிரித்தார்கள். நடுத்தரக் குழல்களில் அதிகப் பெயர் பெற்றது 375. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் 375 கூறு. ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீட்டர். லண்டனில் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியார் 1912-இல் வெளியிட்ட தோட்டா அது. அதன் குண்டு 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று அதிகம். குழலைவிட்டு விநாடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்தில் புறப்படும். மானுக்கும் அதுவே, புலிக்கும் அதுவே, ஆயிரம் கிலோவை எட்டும் காட்டுமாட்டுக்கும் அதுவே என்று ஒரே ஒரு ரைபிளோடு காட்டுக்குப் போக விரும்பியவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெங்களூரில் வாழ்ந்து தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது 405 வின்செஸ்டர். குமாவுன் மலையின் ஜிம் கார்பெட்டுக்குப் பிரியமானது 275 ரிக்பி என்ற சிறு குழல் ரைபிள். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாக வந்தது அது. பெரியதொன்று தேவைப்பட்டபோது எடுக்க அவரிடம் இரட்டைக்குழல் ரைபிளும் இருந்தது.

'கொல்வதற்குத்தானே? இருப்பதிலேயே பெரியதை எடுத்துக்கொண்டு போனால் போயிற்று!' என்று வாசகர் நினைக்கலாம். நானும் அதைத்தான் ஒரு பெரியவரிடம் கேட்டேன். எங்கள் ஊர்க்காரர், எண்பதைத் தாண்டியவர். இளம் வயதில் மலைத் தோட்டம் ஒன்றில் வேலைக்கு இருந்தபோது, வேட்டைக்குப் போகும் துரைக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடந்தவர்.

"ஏன் அய்யா, பெரிய துப்பாக்கியாக இருந்தால் ஒரே வெடியில் முடிந்துவிடாதா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எங்க தொரை வச்சிருந்தது பெருசுதான் தம்பி. தோள்ல கழுத மாதிரி ஒதைக்கும். அந்தப் பயத்துல, விசையத் தொடும்போது கண்ண மூடிக்கிருவாரு. கண்ண மூடிக்கிட்டுச் சுட்டா பீரங்கியா இருந்தாத்தான் என்ன? பெறகு ரெண்டு நாளு ரத்தத்தப் பாத்துக்கிட்டே அலையிறது நாங்கதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. ஜான் டெய்லர் என்ற ஆப்பிரிக்க வேட்டைக்காரர் 1948-இல் வந்த தம் புத்தகத்தில் ஒரு கணக்குச் சொன்னார். குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000-ஆல் வகுத்தால் குண்டின் அடிக்கும் பலம் கிடைக்கும் என்றார். 375-க்கு நாற்பது வரும். பெருங்குழல்களுக்கு எழுபதுக்கு மேலும் வரும். கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் குண்டு எங்கே பட்டது என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. நாற்பது இதயத்தில் பட்டால் மரணம். எழுபது வயிற்றில் பட்டால் சித்திரவதை.

ஆகவே நடுத்தரக் குழல் என்பது சிக்கனத்துக்காகவோ, இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானத்துக்காகவோ வந்ததல்ல. சுடுகிறவன் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சுடப்படுவது தாங்க முடியாததாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பொருந்தும் இடம் எது என்று தேடியதில் கிடைத்தது அது. பெரிய பலத்தைக் கையில் எடுப்பதே கருணை ஆகிவிடாது. தன்னால் ஆளக்கூடிய பலம் எவ்வளவு என்று ஒருவன் அறிந்திருக்க வேண்டும். காட்டுக்கு வெளியேயும் இது செல்லும் என்று நினைக்கிறேன்.

குழலைத் தேர்ந்தபின் குண்டைத் தேர வேண்டும். விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. குண்டுகள் முக்கியமாக இரண்டு விதம். உட்புறம் ஈயம், வெளியே செம்பு போன்ற கெட்டி உலோக உறை. உறை முனையையும் மூடியிருந்தால் அது முழு உறைக் குண்டு. முனையில் ஈயத்தைத் திறந்து விட்டிருந்தால் மென்முனைக் குண்டு. மென்முனை உடலில் பட்டதும் காளான்போல் விரியும். புகுந்த துவாரம் சிறியதாக இருந்தாலும் உள்ளே பெரும் நாசம் செய்யும். முழு உறை விரியாது. கோடு போட்டாற்போல் நேரே ஊடுருவிப் போகும்.

மானை முழு உறையால் சுட்டால் குண்டு மறுபக்கம் வெளியேறிவிடும். மான் ஓடும், எங்கோ ஒரு புதரில் மறுநாளோ அதற்கு மறுநாளோ சாகும். யானையின் தலையை மென்முனையால் சுட்டாலோ குண்டு எலும்பிலேயே விரிந்து நின்றுவிடும், மூளைவரை போகாது. யானை சாகாது, வலியோடும் கோபத்தோடும் வாழும். மென்முனையிலும் வேகம் அதிகமானால் தோளெலும்பில் சிதறும். தூரம் அதிகமாகி வேகம் குறைந்தால் விரியாமலே போகும். இன்ன பிராணிக்கு, இன்ன தூரத்தில், இன்ன குண்டு என்று வீட்டிலிருந்து புறப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். விசையை இழுக்கும் நொடியில் தர்மம் பார்க்க நேரம் இருக்காது. அந்த நொடியின் தர்மம் தோட்டாக் கடையிலேயே தீர்ந்துபோகிறது.

இப்போது என்னை நெடுநாள் குழப்பிய ஒரு புதிரைச் சொல்கிறேன். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊர். இன்று விமான நிலையம் இருக்கும் இடம். அங்கிருந்த ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையில் 1890-களின் பிற்பகுதியில் பெர்ட்டி கிளே என்ற ராணுவ அதிகாரி, 303 ரைபிளுக்கு மென்முனைக் குண்டு ஒன்றை உருவாக்கினார். வடமேற்கு எல்லையில் போரிட்ட மலைக் குடிகளின்மீது சுடுவதற்காக. உலகம் அதைக் கேட்டு முகம் சுளித்தது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாடு, மனித உடலில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தது.

அதே விரியும் குண்டுதான் வேட்டையில் கருணைக் குண்டு. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டத்தின்படி, மானை ரைபிளால் சுடுகிறவர் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டையே பயன்படுத்த வேண்டும். விரியாத குண்டு அங்கே குற்றம். ஒரே குண்டு. மனிதன்மீது பாய்ந்தால் கொடுமை. மான்மீது பாய்ந்தால் இரக்கம். இது எப்படி?

'மனிதன் உயர்ந்தவன், மிருகம் தாழ்ந்தது' என்று விடை சொல்வது சுலபம். ஆனால் அது விடையாகாது. தாழ்ந்தது என்பதற்காக அதற்கு இரக்கம் காட்டச் சட்டம் வந்ததாகச் சொல்ல முடியாதல்லவா? உண்மையான விடை வேறு. போரில் எதிரியைக் கொல்வதல்ல நோக்கம். அவனைச் சண்டையிலிருந்து விலக்குவதே நோக்கம். 1868-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் இந்தக் கருத்தைத்தான் எழுதி வைத்தது: போரிட முடியாமல் போனவனுடைய வேதனையை வீணாக அதிகமாக்கும் ஆயுதம் மனித தர்மத்துக்கு விரோதம். காயம் பட்ட சிப்பாய்க்கு ஆஸ்பத்திரி உண்டு, மருத்துவர் உண்டு, ஊருக்குத் திரும்பும் நாள் உண்டு. அவனுக்கு ஒரு நாளை இருக்கிறது. குண்டு அந்த நாளையை விட்டுவைக்க வேண்டும்.

காயம் பட்ட மானுக்கு ஆஸ்பத்திரி இல்லை. நாளை என்பது அதற்குப் புண்ணும் புழுவும் தாகமும்தான். ஆகவே அதற்கு நாளையே இல்லாதபடி செய்வது ஒன்றே அதற்குச் செய்யக்கூடிய மரியாதை.

இரண்டு சட்டங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: பட்டவரின் கதி இதற்குப் பிறகு என்ன? குண்டின் நல்லது கெட்டது ஈயத்திலும் செம்பிலும் இல்லை. அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்கிறோம், யாருக்காகக் கேட்க மறுக்கிறோம் என்பதில் மனிதனின் உள்ளம் தெரிந்துவிடுகிறது. ஹேக் மாநாட்டில் பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா டம்டம் குண்டுக்காக வாதாடினார். நாகரிக தேசத்துச் சிப்பாய் அடிபட்டால் படுத்துவிடுவான்; காட்டுமிராண்டியோ அடிபட்டும் பாய்ந்து வருவான், அவனை நிறுத்தப் பெரிய காயம் வேண்டும் என்பது வாதத்தின் சாரம். கவனியுங்கள், இது காயம்பட்ட புலியைப் பற்றி வேட்டைக்காரன் பேசும் பேச்சு! வேட்டைக்காரன் புலியைத் தேடிப்போய் அதன் வேதனையை முடிக்கும் கடமையை ஏற்கிறான். ஆர்டாவின் வாதத்தில் அந்தக் கடமையும் இல்லை. சிப்பாயின் உரிமையும் இல்லாமல், மிருகத்துக்குக் காட்டும் மரியாதையும் இல்லாமல், எல்லைக் குடிகள் நடுவில் விடப்பட்டார்கள். பிரிட்டன் அந்தப் பிரகடனத்தில் சேர 1907 ஆயிற்று.

பட்டதன் கதியை நினைக்காமல் விட்ட ஒரு குண்டு என்ன செய்யும் என்பதற்குச் சம்பாவத் புலி சாட்சி. 436 மனிதர்களைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்திய பிறகு வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டுக் காயம் அது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதனிடம் வந்தது என்பது அவருடைய முடிவு. அந்த முதல் குண்டைச் சுட்டவர் யார் என்று எவருக்கும் தெரியாது. தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

காயம்பட்ட பிராணியை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. உயிருக்கு ஆபத்தானாலும் ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து போய் முடிக்க வேண்டும் என்பது அதனால்தான் வேட்டைக்காரர்களின் எழுதாத சட்டம் ஆயிற்று. எங்கள் ஊர்ப் பெரியவர் இரண்டு நாள் அலைந்ததாகச் சொன்னது அந்தச் சட்டத்தின்படிதான். அலைந்தவர் சுட்டவர் அல்ல என்பது வேறு விஷயம்.

இவ்வளவு தூரம் வேட்டைக்காரர்களின் பக்கம் பேசிவிட்டேன். சைவ நண்பருக்கும் நியாயம் செய்ய வேண்டும். வால்ட்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைகளுக்கு மேல் சுட்டார். அவற்றுள் பெரும்பாலானவற்றைச் சுட்டது, மானுக்குப் போதும் என்று மற்றவர்கள் சொன்ன ஏழு மில்லிமீட்டர் ரைபிளால்! யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் எங்கே குறிவைக்க வேண்டும் என்று படித்தவர் அவர். முழு உறைக் குண்டு ஒன்று. யானை நின்ற இடத்தில் மடியும். 'எப்படிக் கொல்வது?' என்ற பரீட்சையில் அவருக்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் ஆயிரம் யானைகள்! தந்தத்துக்காக! 'சுடலாமா?' என்ற முதல் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. இரண்டாவது கேள்விக்குச் சிறப்பாக விடை எழுதினால் முதல் கேள்விக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும் என்று எண்ணுவது கெட்டிக்காரர்களின் வியாதி. ஓர் உயிரை நன்றாகக் கொல்லத் தெரிந்திருப்பது, கொல்வதற்கு உரிமை ஆகாது. அதே சமயம், கொல்லக் கூடாது என்று நாம் முடிவு செய்துவிட்டதால் எங்கும் எவரும் கொல்லமாட்டார்கள் என்றும் ஆகாது. இரண்டு கேள்விகளும் தனித்தனி. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்ப முடியாது.

இன்னொரு விஷயம். இந்தக் கருணையெல்லாம் காசுள்ளவன் கருணை. குண்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி யாருக்கு இருந்தது? 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியக் குடியானவன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். ராணுவத் தோட்டாவான 303 பொதுமக்களுக்குக் கிடையாது. 1907-இல் 450 குழல் ரைபிள்களுக்கும் இந்தியாவில் தடை வந்தது. காரணம் மிருகங்களின்மேல் கருணை அல்ல. அந்தக் குண்டுகள் சர்க்காருக்கு எதிரானவர்களின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடுமோ என்ற பயம். லண்டன் கம்பெனிகள் சளைக்கவில்லை. 465 என்றும் 470 என்றும் புதுக் குழல்களைச் செய்து துரைமார்களுக்கும் ராஜாக்களுக்கும் விற்றன. மலையடிவாரத்துக் குடியானவனிடம் இருந்தது, மருந்து கெட்டித்து ஆணியும் ஈயத் துண்டும் போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. அவனுடைய வெடியில் மிருகம் காயம்பட்டு ஓடியது என்றால், அவன் நெஞ்சில் ஈரம் இல்லாததால் மட்டும் அல்ல. கையில் வேறு ஒன்றும் இல்லாததாலும்தான்.

அந்தக் காலம் போய்விட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை இந்த நாட்டில் முடித்துவைத்தன. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட புலியையோ யானையையோ கொல்ல வேண்டுமானாலும், அதைப் பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் முதலில் திருப்தியடைய வேண்டும் என்கிறது சட்டம். 'சுடலாமா?' என்ற முதல் கேள்வியை நாடு ஒரு வழியாகக் கேட்டுவிட்டது.

அதன் பலனை எங்கள் பள்ளத்தாக்கு கண்ணால் பார்த்தது. கேரளத்துச் சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துப் பெயர் வாங்கிய அரிக்கொம்பன் என்ற யானையை, 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்கிப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் இறங்கி, மே 27-ஆம் தேதி கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்துவிட்டது. தெருவில் யானை ஓட, ஜனங்கள் ஓட, 144 தடை உத்தரவு போட்டார்கள். அது தாக்கியதில் ஒருவர் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு இந்தக் கட்டுரையின் தர்க்கம் எதுவும் ஆறுதல் ஆகாது. துப்பாக்கிக் காலமாக இருந்தால், யாருக்கு அந்தப் பெருமை என்று துரைமார் போட்டி போட்டிருப்பார்கள். ஜூன் 5-ஆம் தேதி அதிகாலை மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறை மலைக்குக் கொண்டுபோனார்கள்.

மயக்க ஊசியும் துப்பாக்கியிலிருந்துதான் புறப்படுகிறது. பழைய வேட்டைக்காரரின் அத்தனை கவலையும் அதிலும் உண்டு. யானையின் எடை என்ன, தூரம் என்ன, எந்தச் சதையில் பட வேண்டும்? மருந்து குறைந்தால் யானை வெறிகொண்டு ஓடும். கூடினால் மூச்சு நின்றுவிடும். ஆனால் ஒரு வித்தியாசம். இந்தக் குண்டை எய்கிறவர் மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்தையும் கூடவே கொண்டுபோகிறார். பட்ட பிராணிக்கு ஒரு நாளை உண்டு என்று நினைத்துச் செய்த குண்டு இது. போரில் காயம்பட்ட சிப்பாய்க்கு 1868-இல் ஒப்புக்கொண்ட உரிமை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு யானைக்குக் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது என்று எண்ணுகிறேன்.

இத்துடன் முடித்துவிட்டால் கட்டுரை மங்களமாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. ரைபிளுக்கும் மயக்க ஊசிக்கும் எட்டாத இடத்தில் வேறு ஆயுதங்கள் இருக்கின்றன. காட்டுப்பன்றிக்கென்று பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் போடும் அவுட்டுக்காய். வேலிக் கம்பியில் திருட்டுத்தனமாக இழுத்துவிடும் மின்சாரம். புதரில் கட்டும் சுருக்குக் கம்பி. இவற்றுக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கும். மானுக்குக் கட்டியதில் சிறுத்தை மாட்டும். இரவில் வரப்பில் நடக்கும் மனிதனும் மாட்டுவான். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று வெடி வைத்த காயைக் கடித்துத் தாடை சிதைந்து, எதையும் தின்ன முடியாமல் அலைந்து, கடைசியில் வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. வைத்தவருக்கு யானைமேல் பகை இல்லை. யார் கடிப்பார் என்று அவர் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். ரத்தத் தடத்தைப் பின்தொடர அங்கே எவரும் இல்லை.

இதற்காகக் குடியானவனை மட்டும் குற்றம் சாட்ட என் மனம் ஒப்பவில்லை. ஒரே இரவில் பன்றிக் கூட்டம் மக்காச்சோளத்தை உழுதுவிட்டுப் போனால் வட்டிக்காரனுக்கு அவன் என்ன பதில் சொல்வான்? 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. சுடுகிறவனுக்குப் பயிற்சி வேண்டும், பொறுப்பு வேண்டும் என்ற பழைய பாடம் அதில் இருக்கிறது. ஆனால் கூப்பிட்ட இரவில் வனத்துறை வந்து சேராவிட்டால், அவன் மறுபடியும் கம்பியைத்தான் தேடுவான். பார்த்துச் சுடும் ஒருவரை அவனுக்கு நாம் அனுப்பாவிட்டால், பார்க்காமல் கொல்லும் ஒன்றை அவன் வைப்பான்.

'நாம்' என்று சொன்னது தெரிந்தே சொன்னதுதான். இதைப் படிக்கும் உங்களில் எவரும் துப்பாக்கி எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. காலையில் குடிக்கும் தேநீர் யானை நடந்த மலையிலிருந்து வருகிறது. மத்தியானம் இலையில் விழும் காய் யாரோ வேலி கட்டிக் காத்த தோட்டத்திலிருந்து வருகிறது. அந்த வேலியில் என்ன ஓடியது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் அந்தக் காயின் விலையில் பன்றி தின்றுபோன பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். நஷ்ட ஈடு உரிய காலத்தில் கொடுக்கச் சொல்லி நாமும் அவனோடு சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிவரும். ஒரு தோட்டாவுக்காக ஆயுள் முழுவதும் வாதாடிய அந்த வேட்டைக்காரர்கள், தம் கையிலிருந்து புறப்பட்டது எங்கே போய் யார்மேல் படுகிறது என்பதையாவது தெரிந்துவைத்திருந்தார்கள். நம் கையிலிருந்து புறப்படுவது எங்கே படுகிறது என்று தெரிந்துகொள்ள, நாம் இன்னும் தொடங்கவே இல்லை.